எடைக்குப் போடும் காகிதமல்ல நம் பதிவேடுகள்!



நம் கிளைகளில் இப்போது ஒரு விவாதம் நடந்து வருகிறது. சங்க ஆபீசில் கிடக்கும் பழைய ரிக்கார்டுகளைப் பாதுகாக்க இரும்பு பீரோ வாங்குவது, நகல் எடுப்பது, இன்சூரன்ஸ் செய்வது ஆகியவற்றுக்குச் சந்தாப் பணத்திலிருந்து செலவு செய்யலாமா, கூடாதா என்பதே அந்த விவாதம். "அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்குமே கூலி போதாத காலத்தில், கரையான் தின்ற காகிதத்துக்கு இன்சூரன்ஸா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கேலிக்காகக் கேட்பவர்கள் உண்டு. உண்மையான கவலையோடு கேட்பவர்களும் உண்டு. இரு சாராருக்கும் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் பதில் இதுதான். சங்கத்தின் மேஜை போனால் வேறு மேஜை வாங்கலாம். கூரை பறந்தால் வேறு கூரை போடலாம். 1950க்கு முன் யார் எந்த எஸ்டேட்டில் எந்த டிவிஷனில் வேலை செய்தார் என்று எழுதி வைத்த பழைய உறுப்பினர் பதிவேடு போனால், அதைத் திருப்பித் தர எந்த முதலாளியாலும் முடியாது, எந்த மந்திரியாலும் முடியாது. அந்தப் பதிவேட்டோடு சேர்ந்து சில குடும்பங்களின் உரிமையும் போய்விடும். அதனால்தான் அதற்கு விலை போட வேண்டும், காவல் போட வேண்டும் என்கிறோம்.

காகிதம் இல்லாதவர்களுக்கு நேர்ந்த கதி

கடல் தாண்டிப் போன நம் உறவுகளின் வரலாற்றைப் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியவர்கள் தமிழ்த் தொழிலாளிகள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர்கள் தொடர்ந்து 7 ஆண்டுகள், மற்றவர்கள் 10 ஆண்டுகள் அங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்காக மனுக்கள் போடப்பட்டன. குடியுரிமை கிடைத்தவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர் மட்டுமே.

அந்த மக்கள் அங்கே வசிக்கவில்லையா? மூன்று தலைமுறை வசித்தார்கள். ஆனால் வசித்ததைக் காட்டு, இடைவெளி இல்லாமல் வசித்ததைக் காட்டு என்று அதிகாரி கேட்டான். பேர் போட்ட செக்ரோல் துரையின் ஆபீசில் இருந்தது. தொழிலாளியின் கையில் கொழுந்துக் கூடைதான் இருந்தது. அரசாங்கத்தின் வஞ்சகமே முதல் காரணம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அந்த வஞ்சகத்துக்குக் கிடைத்த ஆயுதம், நம்மிடம் காகிதம் இல்லாமல் போனது. 1964 அக்டோபரில் சிரிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் சில குடும்பங்கள் வண்டிப்பெரியாறு வழியாகப் போனால் வரும் கவியில் இன்றும் இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள், காகிதத்தின் விலையை அவர்கள் சொல்வார்கள்.

1950 ஆகஸ்ட் 10

இலங்கைக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். இடுக்கி மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு இந்தத் தேதியைச் சொன்னால் போதும். குடியரசுத் தலைவரின் அட்டவணைச் சாதிகள் ஆணை பிறந்த நாள் 1950 ஆகஸ்ட் 10. அந்த நாளுக்கு முன்பே இங்கே நிலையாகக் குடியிருந்தவர்களின் வாரிசு என்றால் இந்த மாநிலத்தில் சாதிச் சான்றிதழ். பிறகு வந்தவர்கள் என்றால் தாத்தா பிறந்த மாநிலத்துக்குப் போய்க் கேள் என்பது சட்டம். பேத்தி கல்லூரியில் சேர, பேரன் அரசு வேலைக்கு எழுதிப் போட, முக்கால் நூற்றாண்டுக்கு முந்திய ஒரு துண்டுக் காகிதத்தைத் தேடி வில்லேஜ் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஏறி இறங்கும் தாய்மாரை நாம் எல்லோரும் அறிவோம்.

அந்தக் காகிதம் எங்கே இருக்கும்? லயத்து வீட்டில் பட்டா கிடையாது. வீடு கம்பெனியுடையது. ரேஷன் கார்டு பிறகு வந்தது. இருப்பவை கம்பெனியின் பழைய ஏடு, பள்ளிக்கூடச் சேர்க்கை ரிஜிஸ்தர், கோயில் வரிப் புத்தகம், தேவாலயப் பதிவேடு, பிறகு சங்கத்தின் உறுப்பினர் ஏடு. இவற்றில் நம் கையில் இருப்பது கடைசி ஒன்று மட்டும். அதையும் எலிக்குக் கொடுக்கலாமா?

மொழிவாரி மாநிலப் பிரிவினைக் காலத்தில் தேவிகுளம், பீர்மேடு பற்றிய வாதத்தில், இங்கிருக்கும் தமிழர்கள் வந்து போகும் கூலிகள், நிலையான குடிகள் அல்லர் என்ற பேச்சு எழுந்தது. 1956இல் எல்லை முடிந்துபோயிற்று. கோட்டைத் திருப்பி வரைவது நம் நோக்கமல்ல. நாம் கேரளத்தில் வாழ்கிறோம், மலையாளி உழைப்பாளியோடு தோளோடு தோள் நின்று போராடுகிறோம். ஆனால் "வந்து போகிறவன்" என்ற சொல் இன்னும் சாகவில்லை. அந்தச் சொல்லுக்கு எதிரான சாட்சி நம் மினிட் புத்தகத்தில், சாவு நிதிக் கணக்கில், சந்தா ரசீதின் அடிக்கட்டையில் இருக்கிறது.

இன்சூரன்ஸ்காரன் போடும் விலை

இனி இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருவோம். "பாலிசி எடுத்துவிட்டோம், கவலையில்லை" என்று நினைக்கும் கிளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

சாதாரணத் தீ இன்சூரன்ஸ் பாலிசியின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் விலக்குகளின் பட்டியல் இருக்கும். அதைப் படியுங்கள். கையெழுத்து ஏடுகள், வரைபடங்கள், எவ்வகைப் பத்திரங்களும், கணக்குப் புத்தகங்களும், தனியாக எழுதிச் சேர்க்காவிட்டால் பாலிசியில் அடங்காது என்று இருக்கும். கட்டடம் அடங்கும், நாற்காலி அடங்கும், மின்விசிறி அடங்கும். பதிவேடு அடங்காது! தனியாகச் சேர்த்தாலும் வழக்கமான நிபந்தனை என்ன தெரியுமா? வெற்றுத் தாளின் விலை, அதில் மறுபடி எழுதும் குமாஸ்தாவின் கூலி, இவ்வளவுதான். அந்தத் தாளில் எழுதியிருந்த செய்தி உங்களுக்கு என்ன மதிப்போ, அதற்குப் பைசா கிடையாது.

2021 ஏப்ரல் 1 முதல், சிறிய ஆபீஸ், கடை போன்றவற்றுக்காக பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி நடைமுறையில் வந்திருக்கிறது. அதில் பத்திரங்களுக்கும் கணக்குப் புத்தகங்களுக்கும் 50,000 ரூபாய் வரை உள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். முன்பைவிட நல்லதுதான். ஆனால் அது போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிளையில் 200 பக்க மினிட் புத்தகங்கள் 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 பக்கம். நகல் கையில் இருந்தாலும், படித்துச் சரிபார்த்து நாளொன்றுக்கு 10 பக்கம் எழுதினால் 200 நாள் வேலை. நாள் கூலி 600 ரூபாய் என்றால் 1,20,000 ரூபாய். 50,000 ரூபாய் அதில் பாதிகூட இல்லை. நகல் இல்லாவிட்டால் எதைப் பார்த்து எழுதுவது? அப்போது கணக்கே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மதிப்பைக் குறைத்துச் சொல்லிப் பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு லட்சம் பெறும் பொருளை 50,000 ரூபாய்க்கு இன்சூர் செய்தால், 40,000 ரூபாய் சேதத்துக்கு 20,000 ரூபாய்தான் தருவான். பாதி மதிப்பு சொன்னவனுக்குப் பாதி நஷ்டஈடு, இதுவே அந்தத் தொழிலின் நியாயம்.

ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை செய்யும் நமக்கு இது புதிதல்ல. மதிப்பு எழுதிக் கொடுக்காமல் புக் செய்த பார்சல் தொலைந்தால், 1990ஆம் ஆண்டின் விதிப்படி கிலோவுக்கு 50 ரூபாய்க்கு மேல் ரயில்வே பொறுப்பேற்காது. உள்ளே பட்டுப் புடவை இருந்ததா, வைக்கோல் இருந்ததா என்பது பேச்சே இல்லை. முன்கூட்டியே மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்குரிய சதவீதக் கட்டணத்தைக் கட்டியவருக்குத்தான் அந்த மதிப்பு வரை கிடைக்கும். நம் சங்கத்து ரிக்கார்டுகள் 40 கிலோ இருந்தால் அந்தக் கணக்கில் அவற்றின் விலை 2,000 ரூபாய்! மதிப்பைச் சொல்லாதவன் பொருளை எடை போட்டுத்தான் எடுப்பார்கள். நாம் பதிவேடுகளுக்கு மதிப்புப் போட்டு எழுதி வைக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

நாம் போட வேண்டிய விலை

நாம் போடும் விலை எடையில் இல்லை. ஒவ்வொரு ஏட்டையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது போனால் யாருடைய எந்த உரிமை போகும்?

எவராலும் திருப்பித் தர முடியாதவை முதல் தரம். பழைய உறுப்பினர் பதிவேடுகள், மினிட் புத்தகங்கள், சாவு நிதி ஏடு, தொழிலாளிகள் கொடுத்த வாக்குமூலங்கள், போராட்டக்காலத் துண்டறிக்கைகள் இதில் அடங்கும். அலைந்தால் வேறிடத்தில் நகல் கிடைப்பவை இரண்டாம் தரம். பதிவுச் சான்றிதழ், தொழிற்சங்கச் சட்டப்படி ஆண்டுதோறும் ரிஜிஸ்திராருக்கு அனுப்பிய கணக்கு, கையெழுத்தான ஒப்பந்தங்கள், வழக்குத் தீர்ப்புகள் போன்றவை இவை. இவற்றுக்கு பஸ் கூலி, நகல் கட்டணம், இழந்த நாள் கூலி எல்லாம் சேர்த்து விலை போடுங்கள். காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும் அச்சடித்த புத்தகங்களும் தளவாடங்களும் மூன்றாம் தரம்.

இன்று பெரும்பாலான கிளைகளில் நடப்பது தலைகீழ். மூன்றாம் தரத்துக்குப் பூட்டு, முதல் தரத்துக்குச் சாக்கு மூட்டை!

முதல் தரத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறோம். 2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்து கிள்ளும் பெண்கள் தெருவில் அமர்ந்தார்கள். 20 சதவீத போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்து, யூனியன் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் போராடினார்கள். 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, ஆகமொத்தம் 20 சதவீதம் என்று வாங்கினார்கள். பொம்பிளை ஒருமை என்று நாடே பேசியது. அந்தப் பெண்கள் எழுதிய அட்டைகள் எங்கே? வீட்டுக்கு வீடு பிரித்த பணத்தின் கணக்கு எங்கே? நாளைக்கு ஒரு பேராசிரியர் வந்து எழுதினால்தான் நம் போராட்டம் நமக்கே தெரிய வரும் என்ற நிலைமை வெட்கக்கேடு அல்லவா?

மலையும் மழையும்

மலைநாட்டில் ஆபத்து எப்போதாவது வரும் விருந்தாளி அல்ல. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில், மலையாளத்தார் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்வார்களே அதில், மூணாறிலிருந்து ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையே அடித்துப் போனது. இன்றுவரை அது திரும்பவில்லை. இரும்புத் தண்டவாளத்துக்கே அந்தக் கதி. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள் போயின. கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள் பல அதில் உண்டு. உயிருக்கு முன்னால் காகிதம் பெரிதல்ல. ஆனால் மிஞ்சியவர்கள், செத்தவர் தன் தகப்பன்தான் என்று நிரூபிக்கவும் காகிதம் கேட்கும் உலகம் இது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு அதாலத் நடத்தி, தொலைந்த சான்றிதழ்களை மறுபடி கொடுத்தது. பாராட்ட வேண்டிய காரியம். எதனால் கொடுக்க முடிந்தது? அரசு கொடுத்த காகிதத்துக்கு அரசிடம் இன்னொரு பிரதி இருந்தது. நம் மினிட் புத்தகத்துக்கு எந்த அதாலத்தில் பிரதி கிடைக்கும்?

மனிதன் செய்யும் அழிவும் உண்டு. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. பிற்காலத்தில் கட்டடத்தை அப்படியே எழுப்பினார்கள். பார்த்தால் பழைய கட்டடம் போலவே இருக்கும். எரிந்த கையெழுத்துச் சுவடி எழுந்து வரவில்லை. கட்டடத்துக்கும் ஏட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தின்போது தோட்டங்களை விட்டுத் தேனிப் பக்கம் இறங்கி ஓடிய குடும்பங்கள் கையில் கிடைத்த துணியைத்தான் எடுத்தார்கள். அந்த நேரத்தில் ரிக்கார்டு பெட்டியை யார் தூக்குவார்?

தலைவர் வீட்டுப் பரண்

அடுத்து, நம்முள்ளேயே இருக்கும் ஒரு நோயைப் பேசியாக வேண்டும். சங்கத்து ஏடுகளைச் சொந்தச் சொத்தாக நினைக்கும் தலைவர்கள் இருக்கிறார்கள். கமிட்டி மாறினாலும் ஏடு மாறாது. பரணில் ஏறிவிடும். அவர் இறந்தால் மகன் எடைக்குப் போடுவான்.

இது ஒழுங்கீனம் மட்டுமல்ல, சட்டப்படியே நஷ்டம். 30 ஆண்டு பழைய ஆவணம் முறையான காவலிலிருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மையென்று கோர்ட் அனுமானிக்கலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. "முறையான காவல்" என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். சங்க ஏடு சங்க ஆபீசில் இருப்பது முறையான காவல். மாஜி காரியதரிசியின் பரணில் இருந்து இறங்கி வந்தால் எதிர்க்கட்சி வக்கீல் சும்மா விடுவாரா?

ஏடு அழியாமல் இருந்தால் மட்டும் போதாது, கறைபடாமலும் இருக்க வேண்டும். 2021 தேர்தலில் தேவிகுளம் தனித் தொகுதியில் வென்ற ஏ. ராஜாவின் வழக்கை நாம் எல்லோரும் கவனித்தோம். அவருடைய முன்னோர் 1950க்கு முன்பே இங்கே குடியேறியவர்களா, குடும்பம் எந்த மதம் என்பவை கேள்விகளாயின. குண்டளையில் உள்ள சி.எஸ்.ஐ. தேவாலயத்தின் பதிவேடுகள் கோர்ட்டுக்குப் போயின. அவற்றில் திருத்தல்கள் இருப்பதாக உயர் நீதிமன்றம் கண்டது. 2023 மார்ச்சில் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, அவர் வென்றது செல்லும் என்றது. கட்சி எதுவாகவும் இருக்கட்டும். நமக்குள்ள பாடம் என்ன? மலையில் ஒரு மூலையில் இருக்கும் பதிவேட்டின் ஒரு வரிக்காக ஒரு மனிதரின் விதி நான்கு ஆண்டுகள் தொங்கியது. ஏடு சுத்தமாக இருக்கும்போதே பக்க எண் போட்டு, நகல் எடுத்து, தேதியோடு சாட்சிக் கையெழுத்து வாங்கி வேறிடத்தில் வைத்திருந்தால், பின்னால் யார் பேனா வைத்தாலும் அந்த நகல் காட்டிக் கொடுக்கும்.

செல்போன் போதாதா?

"எல்லாம் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம்" என்று நம் இளைஞர்கள் சொல்கிறார்கள். எடுக்கட்டும், வரவேற்கிறோம். ஆனால் போன் தண்ணீரில் விழும், அடகுக்குப் போகும், பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் கூடவே போகும். கோர்ட்டில் மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க அதற்கென்று சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். யார் எடுத்தது, எந்தக் கருவியில், எப்போது என்று எழுதி வைக்காத ஆயிரம் படங்கள் இருந்தும் பயன் குறைவு. உறுப்பினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள பக்கங்களை வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவது இன்னும் பெரிய ஆபத்து.

செய்ய வேண்டியது

வரும் பொதுக்குழுவில் எல்லாக் கிளைகளும் இந்தத் தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டும் என்று கோருகிறோம்.

முதலாவது, இருக்கும் ஏடுகளுக்குப் பட்டியல் போடுங்கள். பெயர், ஆண்டு, பக்கம், நிலைமை, தரம், மதிப்பு என்று எழுதி, அந்தப் பட்டியலையும் மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள். பட்டியல் இல்லாமல் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் கிளெய்ம் கொடுக்காது. பரணில் ஏறிய ஏட்டை இறக்கவும் அந்தப் பட்டியலே நோட்டீஸ்.

இரண்டாவது, முதல் தரத்துக்கு இரண்டு நகல்கள். இடுக்கிக் கிளைகளின் நகல் பாலக்காட்டுக்கு வரட்டும், பாலக்காட்டு நகல் மலைக்குப் போகட்டும். ஒரே சரிவில் இரண்டு பிரதி வைத்தால் ஒரே மழை இரண்டையும் கொண்டு போகும். இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு ஜெராக்ஸ் கூலியும் பஸ் கட்டணமும்தான். ஆயிரம் பாலிசியைவிட இதுவே பெரிய இன்சூரன்ஸ்.

மூன்றாவது, பாலிசி எடுங்கள். எடுக்கும்போது பதிவேடுகளையும் அவற்றை மீண்டும் எழுதும் செலவையும் பெயர் சொல்லித் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வெள்ளம், நிலச்சரிவு, கலவரம் மூன்றும் அடங்குகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கரையானுக்கும் ஈரத்துக்கும் எந்தப் பாலிசியும் காசு தராது. அதற்கு மருந்து நம் கையில்தான் இருக்கிறது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். வேப்பிலையும் நொச்சியிலையும் காய வைத்துப் போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஏடுகளை நிழலில் பிரித்துக் காற்றாட வையுங்கள். நனைந்த ஏட்டை வெயிலில் போடாதீர்கள், சுருண்டு நொறுங்கிவிடும்.

நான்காவது, பொறுப்பு இரண்டு பேருக்கு, சாவி இரண்டு. அதில் ஒருவர் கட்டாயம் பெண் தோழராக இருக்க வேண்டும். லயத்தில் குடும்பத்துக் காகிதங்களைத் தகரப் பெட்டியில் இத்தனை காலம் காப்பாற்றி வந்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் தனி நிதி வசூலிக்கலாம் என்பது நம் யோசனை. இரண்டு டீயின் விலை. பீர்மேட்டில் 2000ஆம் ஆண்டை ஒட்டித் தோட்டங்களைப் பூட்டிவிட்டு முதலாளிகள் போனபோது, கிராஜுவிட்டி பாக்கிக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த தொழிலாளியிடம் முதலில் கேட்ட கேள்வி, எத்தனை வருஷம் வேலை செய்தாய், ஆதாரம் என்ன என்பதே. அந்தக் கேள்விக்கு நம்மிடமே பதில் இருக்க 20 ரூபாய் அதிகமா?

கம்பெனி தன் கணக்கைக் காப்பாற்றுகிறது. அரசாங்கம் தன் கோப்பைக் காப்பாற்றுகிறது. இருவரும் எழுதியிருப்பது அவர்களுக்கு வேண்டியதை. நமக்கு வேண்டியதை எழுதியிருப்பது நம் ஏடு ஒன்றுதான்.

தோழர்களே! அடுத்த காலவர்ஷம் தொடங்குமுன் உங்கள் கிளையின் பீரோவைத் திறந்து பாருங்கள்! பட்டியல் போடுங்கள்! நகல் எடுங்கள்! மதிப்பை எழுதுங்கள்! முடித்த கிளைகளின் பெயரை வரும் இதழ்களில் வெளியிடுவோம். முடிக்காத கிளைகளின் பெயரையும் வெளியிடுவோம்!